கிட்டாரில் பென்டடானிக் ஸ்கேல்: ஐந்து சுரங்களை ஐந்து இராகங்களாகக் கேட்டுக் கற்க ஒரு முழுமையான வழிகாட்டி

சுருதி சேர்த்த கிட்டார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, இடக்கை விரல் எதுவும் தந்தியில் படாமல், தடித்த ஆறாம் தந்தியிலிருந்து மெல்லிய முதல் தந்தி வரை ஒவ்வொன்றாக மீட்டிப் பாருங்கள். ஈ, ஏ, டி, ஜி, பி, மறுபடியும் ஈ என்று ஆறு ஒலிகள் வரும். இரண்டு ஈ-களையும் ஒன்றாக எண்ணினால் சுரங்கள் ஐந்துதான். அந்த ஐந்தையும் ஈ-யை ஷட்ஜமாக, அதாவது 'ஸ' என்னும் அடிப்படைச் சுரமாகக் கொண்டு ஏறுவரிசையில் அடுக்கினால் ஈ, ஜி, ஏ, பி, டி என்று நிற்கும். மேற்கத்திய இசையில் இதற்கு ஈ மைனர் பென்டடானிக் ஸ்கேல் என்று பெயர். நம் காதுக்கு இது சுத்த தன்யாசி. ஆகவே நீங்கள் எதையும் கற்கத் தொடங்கும் முன்பே கிட்டாரின் திறந்த தந்திகளுக்குள் ஓர் ஐந்து சுர இராகம் இருக்கிறது.

பென்டடானிக் என்ற சொல்லுக்கு ஐந்து சுரம் கொண்டது என்பதே பொருள். கர்நாடக இசையில் இத்தகைய அமைப்பை ஔடவம் என்பார்கள். பழந்தமிழ் இசையில் ஏழு சுரம் கொண்டதைப் பண் என்றும் ஐந்து சுரம் கொண்டதைத் திறம் என்றும் வழங்கினார்கள். இந்த உறவைத் தொடக்கத்திலேயே சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் தண்டையார்பேட்டையில் கிட்டார் கற்கத் தொடங்கியபோது, ஐந்து பாக்ஸ் படங்கள், அதாவது கை நகராமல் வாசிக்கும் ஐந்து விரல் வடிவங்களின் படங்கள், அச்சிட்ட ஒரு ஜெராக்ஸ் தாளை வைத்துக்கொண்டு இரண்டு ஆண்டுகள் விரல்களை மட்டும் பழக்கினேன். பிறகு இராயபுரத்தில் ஒரு பாடகர் குழுவினர், பாட்டின் இரண்டு சரணங்களுக்கு இடையில் சிறிது நேரம் வாசிக்கச் சொன்னபோது, என் விரல்கள் ஓடின. ஆனால் எந்தச் சுரத்தில் போய் நிற்க வேண்டும் என்பது தெரியவில்லை. குழுவை நடத்திய பெரியவர் கேட்டது ஒரே கேள்வி: "தம்பி, இதில் உன்னுடைய 'ஸ' எங்கே இருக்கிறது?" அந்தக் கேள்வியிலிருந்து தொடங்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: கருவியும் சுருதியும்

கிட்டார் எந்த வகையானாலும் சரி, தந்திகள் ஃப்ரெட் பலகையிலிருந்து (ஃப்ரெட் எனும் கம்பிகள் குறுக்கே பதித்த பலகை) மிக உயரமாக இருந்தால் கற்பவரின் விரல் வீணாக வலிக்கும். கடைக்காரரிடமோ கருவி பழுது பார்ப்பவரிடமோ சொல்லி உயரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் எனக் கடலோரத்தில் வசிப்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். உப்புக் காற்றில் தந்திகள் வெகு விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தியில் விரலை நகர்த்துவது கடினம், சுருதியும் சரியாக நிற்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடைத்துவிட்டுக் கருவியை உறையில் வையுங்கள்.

சுருதி சேர்க்க, கைப்பேசிச் செயலியைவிட கிட்டாரின் தலைப்பகுதியில் கவ்வும் கிளிப் ட்யூனரையே நான் பரிந்துரைப்பேன். கைப்பேசி ஒலிவாங்கி, தெருவில் துறைமுகம் நோக்கிச் செல்லும் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சலையும் சேர்த்தே கேட்கும். கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை மட்டும் வாங்கிக்கொள்ளும். ஆனால் வாரத்திற்கு ஒருமுறையாவது காதால் சேர்த்துப் பழகுங்கள். ஆறாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் ஒலி, திறந்த ஐந்தாம் தந்திக்குச் சமம்; ஐந்தாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் நான்காம் தந்திக்கும், நான்காம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் மூன்றாம் தந்திக்கும் சமம்; மூன்றாம் தந்தியில் மட்டும் 4-ஆம் ஃப்ரெட் இரண்டாம் தந்திக்குச் சமம்; இரண்டாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் முதல் தந்திக்குச் சமம். நான்காம் ஃப்ரெட்டில் வரும் அந்த ஒரு விலகலை நினைவில் வையுங்கள். பின்னால் பாக்ஸ்களின் வடிவம் இரண்டாம் தந்தியில் சற்றே நகர்வதற்கு அதுவே காரணம்.

இத்துடன் கைப்பேசியில் ஒரு தம்புரா செயலியும் மெட்ரோனோமும் இருந்தால் போதும்.

இரண்டாம் படி: ஒரே தந்தியில் தொடங்குங்கள்

பெரும்பாலான பாடங்கள் நேராக முதல் பாக்ஸுக்குப் போய்விடுகின்றன. நான் அதற்கு உடன்படுவதில்லை. வீணையில் கற்பவர் ஒரே தந்தியின் நெடுகே விரலை நகர்த்தி ஒவ்வொரு சுரத்தின் தூரத்தையும் கையால் உணர்கிறார். கிட்டார் கற்பவருக்கும் அந்த அனுபவம் முதலில் வேண்டும்.

தம்புராவை ஈ-யில், அதாவது சி-யை 1 கட்டையாக எண்ணும் நம் சுருதிக் கணக்கில் 3 கட்டையில் வையுங்கள். முதல் தந்தியைத் திறந்த நிலையில் மீட்டி, அதையே 'ஸ' என்று வாய்விட்டுப் பாடுங்கள். பிறகு அதே தந்தியில் 2, 4, 7, 9, 12 ஆகிய ஃப்ரெட்களை வரிசையாக அழுத்தி, ரி, க, ப, த, மேல் ஸ என்று பாடிக்கொண்டே வாசியுங்கள். இது மோகனம், மேஜர் பென்டடானிக் என்று மேற்கில் அழைப்பதும் இதுவே. சதுஸ்ருதி ரிஷபம், அந்தர காந்தாரம், பஞ்சமம், சதுஸ்ருதி தைவதம் என்று பெயர்களை அறிந்தவர்கள் அந்தப் பெயர்களோடும் பழகலாம். திரைப்பாட்டிலும் பக்திப் பாட்டிலும் கேட்டுக் கேட்டு நம் காதில் ஊறிய இராகம் என்பதால், விரல் தவறிய இடத்தில் யாரும் சொல்லாமலேயே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அது பழகியபின், அதே தந்தியில் 0, 3, 5, 7, 10, 12 என்று வாசியுங்கள். இப்போது வருவது ஸ, க, ம, ப, நி, ஸ. காந்தாரம் சாதாரண காந்தாரமாகவும் மத்யமம் சுத்த மத்யமமாகவும் நிஷாதம் கைசிகியாகவும் அமைந்த சுத்த தன்யாசி, அதாவது மைனர் பென்டடானிக். இரண்டிலும் எங்கே இரண்டு ஃப்ரெட் தாண்டுகிறீர்கள், எங்கே மூன்று தாண்டுகிறீர்கள் என்று கவனியுங்கள். மோகனத்தில் 2, 2, 3, 2, 3. சுத்த தன்யாசியில் 3, 2, 2, 3, 2. ஒரு ஃப்ரெட் இடைவெளி எங்குமே இல்லை. சி மேஜர் ஸ்கேலின் ஏழு சுரங்களில் அரைச் சுர இடைவெளியை உண்டாக்குபவை எஃப்-உம் பி-யும். அந்த இரண்டையும் விட்டுவிட்டால் எஞ்சுவது சி, டி, ஈ, ஜி, ஏ என்ற மோகனம். உரசும் அண்டைச் சுரங்கள் இல்லாததால்தான் இந்த ஸ்கேலில் எந்தச் சுரத்தைத் தொட்டாலும் பின்னணியோடு பெரிதாக மோதுவதில்லை. தொடக்கநிலைக் கற்பவருக்கு இதை முதலில் கொடுப்பதன் காரணமும் அதுவே.

இந்தப் படிக்கு ஒரு வாரம் முழுவதையும் கொடுங்கள்.

மூன்றாம் படி: முதல் பாக்ஸ்

இப்போது ஏ-யை ஷட்ஜமாகக் கொள்வோம். தம்புராவை 6 கட்டைக்கு மாற்றுங்கள். சுட்டுவிரல் 5-ஆம் ஃப்ரெட்டுக்கும், மோதிரவிரல் 7-ஆம் ஃப்ரெட்டுக்கும், சுண்டுவிரல் 8-ஆம் ஃப்ரெட்டுக்கும் உரியவை. கட்டைவிரல் நெக்கின் பின்புறம், நடுவிரலுக்கு நேர் எதிரே இருக்கட்டும்.

ஆறாம் தந்தி: 5, 8
ஐந்தாம் தந்தி: 5, 7
நான்காம் தந்தி: 5, 7
மூன்றாம் தந்தி: 5, 7
இரண்டாம் தந்தி: 5, 8
முதல் தந்தி: 5, 8

இதில் ஷட்ஜம் மூன்று இடங்களில் இருக்கிறது: ஆறாம் தந்தியின் 5, நான்காம் தந்தியின் 7, முதல் தந்தியின் 5. வேறு எதையும் மனப்பாடம் செய்யும் முன் இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு தொடும் அளவுக்குப் பழகுங்கள். எனக்கு இல்லாமல் போனது இதுதான்.

விரலை ஃப்ரெட் கம்பியின் மேல் வைக்காமல், அதற்குச் சற்றுப் பின்னால், அதை ஒட்டினாற்போல் வைத்து அழுத்தினால் குறைந்த பலத்திலேயே தெளிவான ஒலி வரும். வலக்கையில் பிக்கை ஒருமுறை கீழ்நோக்கியும் அடுத்த முறை மேல்நோக்கியும் மாற்றி மாற்றி அடியுங்கள். தந்தி மாறும்போதும் இந்த ஒழுங்கு உடையக் கூடாது. சுண்டுவிரல் முதல் சில நாட்கள் சொன்னபடி கேட்காது. அதற்காக மோதிரவிரலை 8-ஆம் ஃப்ரெட்டுக்கு நீட்டிப் பழகிவிட்டால், பின்னர் வேகம் கூட்டும்போது அந்தப் பழக்கத்தை உடைப்பது மிகக் கடினம்.

நம் வீடுகளில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து வாசிப்பவர்கள் அதிகம். அப்படி அமரும்போது நெக் கீழே சாய்ந்து இடது மணிக்கட்டு மடிந்துவிடும்; கைப்பிடி இல்லாத நாற்காலியோ ஸ்டூலோ இதற்கு ஏற்றது.

நான்காம் படி: வரிசைகள்

மேலும் கீழும் ஓடுவது மட்டுமே பயிற்சி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். பாட்டுக் கற்பவர்கள் சரளி வரிசை, ஜண்டை வரிசை, தாட்டு வரிசை என்று சுரங்களைக் கோத்துக் கோத்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த முறையை அப்படியே கிட்டாருக்குக் கொண்டு வரலாம்; இதற்கு இணையான பயிற்சியை நான் வேறெங்கும் காணவில்லை.

மெட்ரோனோமை நிமிடத்திற்கு 60 என்று வைத்து, ஓர் அடிக்கு ஒரு சுரமாக முதல் பாக்ஸில் இவற்றை வாசியுங்கள். முதலில் ஜண்டை: ஸஸ, கக, மம, பப, நிநி, ஸஸ. ஒரே சுரம் இரண்டு முறை வரும்போது இரண்டாவது அடிக்குச் சற்று அழுத்தம் கொடுங்கள். அடுத்து மும்மூன்றாக: ஸகம, கமப, மபநி, பநிஸ. பிறகு நந்நான்காக: ஸகமப, கமபநி, மபநிஸ. இறங்குவரிசையில்: ஸநிபம, நிபமக, பமகஸ. கடைசியாக ஒன்றுவிட்டு ஒன்று: ஸம, கப, மநி, பஸ. இந்தக் கடைசி வரிசையில் விரல் அடிக்கடி ஒரு தந்தியிலிருந்து அடுத்த தந்தியின் அதே ஃப்ரெட்டுக்குத் தாவ வேண்டியிருக்கும். விரலைத் தூக்காமல், நுனியிலிருந்து சதைப்பகுதிக்கு உருட்டி மாற்றுங்கள்.

ஒவ்வொன்றையும் வாயால் பாடிக்கொண்டே வாசிக்க வேண்டும். முதல் காலம் பிசகின்றி வந்த பிறகு, மெட்ரோனோமை மாற்றாமல், ஓர் அடிக்கு இரண்டு சுரமாகவும் பின்னர் நான்கு சுரமாகவும் இரண்டாம், மூன்றாம் காலங்களுக்குப் போங்கள். மும்மூன்று வரிசையை ஓர் அடிக்கு மூன்று சுரமாகவும் வாசித்துப் பாருங்கள். குத்துப் பாட்டில் பெரும்பாலும் ஓடுவது இந்தத் திஸ்ர நடைதான் என்பதால், கானாவோடு வளர்ந்த வடசென்னைப் பிள்ளைகளுக்கு இது மிக எளிதாக வந்துவிடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அதே பிள்ளைகள் நந்நான்கு வரிசையை மும்மூன்றாகப் பிரித்து அடிக்கும்போது அழுத்தம் இடம் மாறி விழுவதையும் தாங்களாகவே கண்டுபிடிக்கிறார்கள்.

ஐந்தாம் படி: ஐந்து பாக்ஸ்கள், ஐந்து இராகங்கள்

ஏ, சி, டி, ஈ, ஜி என்ற அதே ஐந்து சுரங்கள் ஃப்ரெட் பலகை முழுவதும் பரவிக் கிடக்கின்றன. அவற்றைக் கை நகராமல் பிடிக்கக்கூடிய ஐந்து பகுதிகளாகப் பிரித்தால் ஐந்து பாக்ஸ்கள். ஆறாம் தந்தியிலிருந்து முதல் தந்தி வரை மற்ற நான்கும் இவை:

இரண்டாம் பாக்ஸ்: 8, 10 | 7, 10 | 7, 10 | 7, 9 | 8, 10 | 8, 10
மூன்றாம் பாக்ஸ்: 10, 12 | 10, 12 | 10, 12 | 9, 12 | 10, 13 | 10, 12
நான்காம் பாக்ஸ்: 12, 15 | 12, 15 | 12, 14 | 12, 14 | 13, 15 | 12, 15
ஐந்தாம் பாக்ஸ்: 15, 17 | 15, 17 | 14, 17 | 14, 17 | 15, 17 | 15, 17

ஐந்தாவதன் எல்லா எண்களிலும் 12-ஐக் கழித்தால் 3, 5 என்று தொடங்கும் அதே வடிவம், முதல் பாக்ஸுக்குச் சற்றுக் கீழே கிடைக்கும். அகௌஸ்டிக் கிட்டார் வைத்திருப்பவர்கள் அங்கேயே வாசிக்கலாம். ஒரு பாக்ஸின் மேல் விளிம்பே அடுத்த பாக்ஸின் கீழ் விளிம்பு என்பதையும் பாருங்கள்.

இந்த எண்களை வெறும் எண்களாக மனப்பாடம் செய்தால் நான் அனுபவித்த இரண்டு ஆண்டு முடக்கமே உங்களுக்கும் நேரும். ஆகவே ஒவ்வொரு பாக்ஸையும், ஆறாம் தந்தியில் அது தொடங்கும் சுரத்தையே ஷட்ஜமாக வைத்துக் கேளுங்கள். இதைக் கர்நாடக இசையில் கிரக பேதம் என்பார்கள்: சுரங்களை மாற்றாமல் ஷட்ஜத்தை மட்டும் இடம் மாற்றினால் இராகமே மாறிவிடும்.

தம்புரா 6 கட்டையில் ஒலிக்க, முதல் பாக்ஸ் ஏ-யில் தொடங்குகிறது. அது சுத்த தன்யாசி. தம்புராவை 1 கட்டைக்கு, அதாவது சி-க்கு மாற்றி இரண்டாம் பாக்ஸை வாசித்தால் மோகனம். 2 கட்டையில், டி-யில் தொடங்கும் மூன்றாம் பாக்ஸ் ஸ, ரி, ம, ப, நி என்று அமைந்து மத்யமாவதியாகிறது. கச்சேரியை மங்களகரமாக நிறைவு செய்யப் பாடும் இராகம் அது. 3 கட்டையில், ஈ-யில் தொடங்கும் நான்காம் பாக்ஸ் ஸ, க, ம, த, நி என்ற ஹிந்தோளம். இதில் பஞ்சமம் கிடையாது என்பதால் தம்புராவையும் பஞ்சமத்தில் வைக்காமல் மத்யமத்தில் வைக்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்யாமல் ஹிந்தோளம் சரியாக ஒலிக்கவில்லை என்று கைவிட்டவர்களைக் கண்டிருக்கிறேன். 5 கட்டையில், ஜி-யில் தொடங்கும் ஐந்தாம் பாக்ஸ் ஸ, ரி, ம, ப, த என்ற சுத்த சாவேரி. தியாகராஜர் திருவொற்றியூரில் வடிவுடையம்மன் மீது பாடிய ஐந்து கீர்த்தனைகளில் ஒன்று இந்தச் சுத்த சாவேரியில் அமைந்தது. நம் ஊர்க் கோயிலோடு பிணைந்த அந்தக் கீர்த்தனையைக் கேட்டுவிட்டு ஐந்தாம் பாக்ஸுக்கு வாருங்கள். அதன்பின் அந்த வடிவம் மறக்காது.

இங்கே ஓர் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். சுரங்களை வரிசையாக வாசிப்பதாலேயே இராகம் முழுமையாக வந்துவிடாது. இராகத்திற்கு உரிய பிடிகளும் கமகங்களும் குருவிடமிருந்து கற்க வேண்டியவை. கிட்டார் பிரசன்னா போன்றவர்கள் இந்தக் கருவியிலேயே முழுக் கச்சேரி செய்கிறார்கள் என்றால் அதன் பின்னே முறையான கர்நாடகப் பயிற்சி இருக்கிறது. நாம் இங்கே இராகத்தின் பெயரை எடுத்துக்கொள்வது, ஒவ்வொரு பாக்ஸுக்கும் காதில் ஒரு முகம் கொடுப்பதற்காக.

ஒரு வாரத்திற்கு ஒரு பாக்ஸ் போதும். அதன்பின் அனைத்தையும் மறுபடி ஏ-யை ஷட்ஜமாகக் கொண்டு, தம்புராவை 6 கட்டையிலேயே நிறுத்தி, ஒவ்வொரு பாக்ஸிலும் ஏ எங்கெங்கே இருக்கிறது என்று தேடி அதில் வந்து நில்லுங்கள்.

ஆறாம் படி: வளைத்தலும் அசைத்தலும்

தந்தியை அழுத்தியபடியே பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை உயர்த்துவதைப் பென்டிங் என்கிறோம். முதல் பாக்ஸில், இரண்டாம் தந்தியின் 8-ஆம் ஃப்ரெட்டில் ஜி இருக்கிறது. அதைச் சுண்டுவிரலால் அழுத்தி, மோதிரவிரலையும் நடுவிரலையும் அதன் பின்னே துணைக்கு வைத்து, மேல்நோக்கித் தள்ளி ஏ-க்கு உயர்த்துங்கள். சரியாக ஏ-க்கு வந்ததா என்று அறிய, உடனே முதல் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட்டை மீட்டி ஒப்பிடுங்கள். மெல்லிய தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் கிட்டாரில் மூன்றாம் தந்தியின் 7-ஆம் ஃப்ரெட்டையும் இவ்வாறு டி-யிலிருந்து ஈ-க்கு உயர்த்தலாம். இரண்டாம் தந்தியின் 5-ஆம் ஃப்ரெட் அதற்கு ஒப்பு. அகௌஸ்டிக் கிட்டாரில் மூன்றாம் தந்தி பெரும்பாலும் சுற்றுக்கம்பியாக இருப்பதால் அதில் இது எளிதல்ல, வற்புறுத்த வேண்டாம். பலம் விரலிலிருந்து வராமல் மணிக்கட்டின் சுழற்சியிலிருந்து வர வேண்டும்.

ப்ளூஸ் இசையில் மைனர் பென்டடானிக்கின் இரண்டாவது சுரத்தை, அதாவது நம் சாதாரண காந்தாரத்தை, கால் சுர அளவுக்கு மட்டும் சற்றே உயர்த்துவார்கள். மத்யமத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலுள்ள சுரத்தைக் கடந்துசெல்லும் சுரமாகச் சேர்த்தால் அதுவே ப்ளூஸ் ஸ்கேல். ஒரே சுரத்தை நிறுத்தி அதிரவைக்கும் வைப்ராட்டோவுக்குப் பெயர்பெற்ற பி.பி.கிங் (1925–2015) குறைவான சுரங்களிலேயே பேசிய கலைஞர், அவரைக் கேளுங்கள். அதே நாளில் ஒரு வீணைக் கலைஞர் சுத்த தன்யாசி வாசிப்பதையும் கேளுங்கள். காந்தாரம் இரு இடத்திலும் அசைகிறது, ஆனால் அசையும் விதம் வேறு. அந்த வேறுபாட்டை விரலில் கொண்டுவர எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. இன்னும் முடியவில்லை என்றே சொல்வேன்.

ஏழாம் படி: பாடுபவரோடு வாசித்தல்

ஒருவர் பாடும்போது கூட வாசிக்க, முதலில் அவருடைய கட்டை தெரிய வேண்டும். ஆறாம் தந்தியில் திறந்த நிலை 3 கட்டை. 1-ஆம் ஃப்ரெட் 4. 3-ஆம் ஃப்ரெட் 5. 5-ஆம் ஃப்ரெட் 6. 7-ஆம் ஃப்ரெட் 7. 8-ஆம் ஃப்ரெட் 1. 10-ஆம் ஃப்ரெட் 2. இடையில் விடுபட்ட 2, 4, 6, 9, 11-ஆம் ஃப்ரெட்கள் முறையே நாலரை, ஐந்தரை, ஆறரை, ஒன்றரை, இரண்டரைக் கட்டைகள்.

பாட்டு சுத்த தன்யாசிச் சாயலில், அதாவது மைனரில் இருந்தால், அவருடைய கட்டை உள்ள ஃப்ரெட்டிலேயே முதல் பாக்ஸைத் தொடங்குங்கள். மோகனச் சாயலில், அதாவது மேஜரில் இருந்தால், அந்த ஃப்ரெட்டிலிருந்து மூன்று ஃப்ரெட் கீழே இறங்கி அதே முதல் பாக்ஸைப் பிடியுங்கள். ஆனால் நிற்கும் இடம், கீழே சுட்டுவிரல் இருக்கும் சுரம் அல்ல, சுண்டுவிரல் தொடும் சுரம். எந்தச் சாயல் என்று தெரியாவிட்டால், அவர் ஒரு வரியைப் பாடி முடிக்கும் சுரத்தைக் கிட்டாரில் கண்டுபிடித்து, அதற்கு மேலே மூன்றாம் ஃப்ரெட், நான்காம் ஃப்ரெட் இரண்டையும் மாற்றி மாற்றி வாசித்துப் பாருங்கள். மூன்றாவது பொருந்தினால் மைனர், நான்காவது பொருந்தினால் மேஜர்.

அவர் பாடும்போது வாசிக்காதீர்கள். அவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், அவர் பாடிய கடைசி மூன்று நான்கு சுரங்களைத் திருப்பிச் சொல்லுங்கள். அடுத்த முறை அவற்றின் முடிவை மட்டும் மாற்றுங்கள். எங்கள் தெருவில் மாலையில் மொட்டை மாடியில் கூடிப் பாடும் இளைஞர்கள், பெரும்பாலும் ஒன்றரைக் கட்டையில், மேசையைத் தட்டிக்கொண்டு கானா பாடுவார்கள். பாட்டு மேஜராக இருந்தால் 9-ஆம் ஃப்ரெட்டிலிருந்து மூன்று இறங்கி 6-ஆம் ஃப்ரெட்டில் சுட்டுவிரலை வைக்கிறேன்; ஆறாம் தந்தியின் 9-ஆம் ஃப்ரெட், நான்காம் தந்தியின் 11-ஆம் ஃப்ரெட், இரண்டாம் தந்தியின் 14-ஆம் ஃப்ரெட் என்று ஷட்ஜம் இருக்கும் இடங்களை ஒருமுறை மெதுவாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த இடைவெளிக்குக் காத்திருக்கிறேன்.